மகளின் வளர்த்தியை நிறுத்தப் போனோம்

"அந்தக் கை இல்ல நங்கி, மத்த கை," என்றார் எக்ஸ்ரே எடுக்கிற சிங்கள மிஸ்ஸி.

மகள் வலது கையை எடுத்துவிட்டு இடது கையை அந்தக் கறுப்புப் பலகையின் மேல் வைத்தாள். விரல்களை விரித்து வைக்கச் சொன்னார்கள். விரித்தாள். நடுவிரல் பலகையின் ஓரத்தைத் தாண்டியது. மிஸ்ஸி மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகக் கீழே இழுத்து, எல்லா விரல்களும் பலகைக்குள் அடங்குகிற மாதிரி வைத்தார்.

நகங்களில் பாதி உரிந்த சிவப்புச் சாயம். மணிக்கட்டில் கோயில் நூல். கழற்ற வேண்டுமா என்று மகள் கேட்டாள்.

"நூல் பரவால்ல. ஆடாம இருக்கணும்."

பிறகு என்னை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள்.

கண்டியில் இருக்கிற அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் கதவுகள் எனக்குப் பிடித்திருந்தன. எந்தக் கதவிலும் குனிய வேண்டியிருக்கவில்லை.

ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது. காலில் செய்யப்போகிற ஒப்பரேஷனுக்குக் கையை எதற்குப் படம் எடுக்கிறார்கள்? மிஸ்ஸியிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. யாரிடமும் எதையும் வாய் திறந்து கேட்காமலே ஐம்பதை நெருங்கிவிட்டவன் நான். இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு அது தெரிந்திருக்கும்.

சட்டைப் பையில் ஒரு படிவம் இருந்தது. தகப்பன் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளடி போட்டுக் கொடுத்திருந்தார்கள். மகளின் இரண்டு முழங்கால்களிலும் துளை போட்டு, அவள் வளர்வதை நிறுத்துவதற்கான சம்மதப் படிவம் அது.

இரண்டு நிபந்தனைகள்

இதை எழுதுவதற்கு முன்னால் மகளிடம் கேட்டேன். இரண்டு நிபந்தனைகள் போட்டாள். சொந்தப் பெயரை எழுதக்கூடாது. எத்தனை அடி என்று எழுதக்கூடாது.

"அடிக் கணக்கு எழுதுனீங்கன்னா பத்திரிகைய அடுப்புல போட்டுருவேன். அத்தன வீட்டுப் பத்திரிகையையும் வாங்கிப் போட்டுருவேன்."

பெயரை அவளே தேர்ந்தாள். தர்ஷினி.

ஆகவே வாசகர்கள் எங்கள் லயத்து வாசலை வைத்துத்தான் அளந்துகொள்ள வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத் தொழிலாளிகளுக்குக் கட்டிய கல் லயம், ஒரே வரிசையில் பன்னிரண்டு காம்பிரா. நிலை குட்டையானது. அந்த வாசலில் நான் பதினாறு வயதிலிருந்து குனிந்து போய் வருகிறேன். தர்ஷினி பதினொரு வயதிலேயே குனியத் தொடங்கிவிட்டாள். பன்னிரண்டு வயதில், அவசரத்தில் பள்ளிக்கூடம் ஓடும்போது மூன்று தடவை நெற்றியை இடித்துக்கொண்டாள். மூன்றாவது தடவை வீங்கியது. அன்றைக்கு அவள் அழவில்லை. கோபமாக நிலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு வீட்டுக்கு வெளியேயும் கழுத்தைத் தாழ்த்தி நடக்கத் தொடங்கினாள். வட்டகொடை ஸ்டேஷன் பாதையில் ஒருநாள் அவளைத் தூரத்திலிருந்து பார்த்தேன். முதுகை வளைத்து, தோளை ஒடுக்கி, புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். என் நடை அது.

மாவு மூட்டை

என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எனக்குத் தோட்டத்தில் வைத்த பெயர் சவுக்கு. தேயிலைக்கு நடுவில் நிழலுக்கு நிற்கிற மரம். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையின் மேல் பகுதியை அழிக்கும் வேலை எனக்கு. கோயிலில் தோரணம் கட்டும் வேலை எனக்கு. படம் எடுத்தால் கடைசி வரிசை. அதிலும் என்னை மறைப்பதற்கு ஆள் இல்லாமல், தனியாகத் தெரிவேன்.

பதினைந்து வயதில் ஒரு வழி கண்டுபிடித்தேன். கூட்டுறவுக் கடைக்கு வரும் மாவு மூட்டைகளைத் தலையில் வைத்து மேட்டு லயத்துக்குத் தூக்கிக் கொடுப்பேன். யார் கேட்டாலும் தூக்குவேன். நல்ல பையன் என்று பெயர் வந்தது. உண்மையில், பாரம் அழுத்தினால் வளர்வது நின்றுவிடும் என்று நினைத்தேன். அந்த வருஷம் இன்னும் வளர்ந்தேன். கழுத்து மட்டும் பலமானது.

பெண் பார்க்கப் போனபோது எங்கள் ஆட்கள் ஒரு திட்டம் போட்டார்கள். எல்லாரும் வருவதற்கு முன்பே என்னைக் கொண்டுபோய் மர வாங்கில் உட்கார வைத்துவிட்டார்கள். "என்னா நடந்தாலும் எந்திரிக்காத," என்றார் என் அக்கா பாக்கியம். தேத்தண்ணீர் வந்தது, உட்கார்ந்தே வாங்கினேன். பெண் வந்தாள், உட்கார்ந்தே பார்த்தேன். கடைசியில் பெண்ணின் தகப்பனார் கையெடுத்துக் கும்பிட்டார். பெரியவர் நின்றுகொண்டு கும்பிடும்போது எப்படி உட்கார்ந்திருப்பது? எழுந்தேன். தொங்கிக்கொண்டிருந்த பல்பு உச்சந்தலையில் பட்டு உடைந்தது.

உள்ளே பெண் சிரித்த சத்தம் கேட்டது. அவள்தான் மகேஸ்வரி. அவளும் உயரம். அவளையும் அன்றைக்குக் குனிந்தே வரச் சொல்லியிருந்தார்கள் என்று கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

அப்படிப்பட்ட இரண்டு பேருக்குப் பிறந்தவள் தர்ஷினி.

நுவரெலியாவில் ஒரு கேள்வி

மகேஸ்வரி இப்போது குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஃபோனில் முகம் பார்த்துப் பேசுவோம். இங்கே நானும் மகளும். பக்கத்துக் காம்பிராவில் பாக்கியம் அக்கா. மகளின் தலைக்கு எண்ணெய் வைப்பதிலிருந்து கறிக்கு உப்புப் பார்ப்பது வரைக்கும் அக்காதான்.

உயரத்தை நிறுத்த ஒப்பரேஷன் இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தது தர்ஷினி. ஃபோனில் பார்த்திருக்கிறாள். என்னிடம் சொல்ல வெட்கப்பட்டு அம்மாவிடம் சொன்னாள். அம்மா என்னிடம் சொன்னாள்.

"ஒருக்கா டொக்டர்ட்ட காட்டுங்க. ஒரு எடத்துல நிப்பாட்ட முடியும்னா நல்லது. எனக்கு நீங்க கெடச்சீங்க. அவளுக்கு அப்படி ஒரு ஆள எங்க போயி தேடுறது?"

நுவரெலியா கிளினிக்குக்குப் போனோம். டொக்டர் அளந்தார். என்னை அளந்தார். மகேஸ்வரியின் உயரத்தைக் கேட்டார். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், இரத்தம் எடுக்க எழுதினார். நோய் எதுவும் இருக்கிற மாதிரித் தெரியவில்லை, குடும்ப வாகுதான் என்றார்.

பிறகு என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். பிள்ளை பெரிய மனுஷி ஆகிவிட்டாளா?

மகள் தலையைக் குனிந்தாள். எனக்கும் முகம் சுட்டது. ஆனால் பதில் சொல்வதில் எனக்குத் தயக்கம் இருக்கவில்லை.

"இல்லைங்க டொக்டர்."

எப்படி அவ்வளவு உறுதியாகச் சொன்னேன் என்று வெளியில் இருக்கிறவர்களுக்கு விளங்காது. எங்கள் லயத்தில் ஒரு பிள்ளை பெரிய பிள்ளையானால் ஒரு மணித்தியாலத்தில் பன்னிரண்டு காம்பிராவுக்கும் தெரியும். குடிசை கட்டப் பச்சை ஓலை வரும். தாய்மாமனுக்குச் செய்தி போகும். கொழுந்து மலையில் பெண்கள் பேசிக்கொள்வார்கள். தகப்பன் கடைசியாக அறிவான், ஆனால் அறிவான். அப்படி எதுவும் எங்கள் வாசலில் நடக்கவில்லை. ஆகவே இல்லை. எனக்கு அது சூரியன் உதித்ததா என்று கேட்டது மாதிரி.

டொக்டர் கணக்குப் போட்டு ஒரு எண்ணைச் சொன்னார். இன்னும் ஆகவில்லை என்றால் வளர்வதற்கு நிறைய இருக்கிறது, ஏறக்குறைய இந்த அளவுக்குப் போகலாம் என்றார். அது என் உயரத்தைவிட அதிகம். மகள் அந்த எண்ணைக் கேட்டுவிட்டுக் கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

ஒப்பரேஷனைப் பற்றி டொக்டர் பொறுமையாக விளக்கினார். முழங்காலுக்கு மேலேயும் கீழேயும் எலும்பில் வளரும் இடம் ஒன்று இருக்கிறதாம். இரண்டு பக்கமும் சின்னதாய்த் துளை போட்டு அந்த இடத்தைச் சுரண்டி விட்டால் கால் அதோடு நிற்கும். உடம்பு கொஞ்சம் வளரும். ஆனால் உரிய காலத்தில் செய்ய வேண்டும். முந்தினால் கால் குட்டையாகிவிடும், பிந்தினால் பிரயோசனமில்லை. இப்போது சொல்வது குத்துமதிப்புத்தான், சரியான காலத்தை எக்ஸ்ரே பார்த்துச் சொல்வார்கள் என்று கண்டிக்கு ஒரு கடிதம் கொடுத்தார். முறை வர ஆறு மாதம் ஆனது.

கவ்வாத்து

நான் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவன். தேயிலையை வளர விட்டால் மரமாகிவிடும். கொழுந்து கைக்கு எட்டாது. மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு வெட்டி விடுவோம்.

பஸ்ஸில் திரும்பும்போது மகள் கேட்டாள்.

"அது கவ்வாத்து மாதிரியாப்பா?"

"ஆமாம்மா, அந்த மாதிரிதான்," என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

லிந்துலை தாண்டும் வரை ஜன்னலுக்கு வெளியே தேயிலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, "அப்ப நாலு வருஷத்துக்கு ஒருக்கா வெட்டணுமா?" என்றாள்.

அவசரமாக இல்லை என்று சொன்னேன். இது ஒரே தடவை, எதையும் வெட்ட மாட்டார்கள், சுரண்டத்தான் செய்வார்கள் என்றேன். ஆனால் அன்று முதல் கத்தியைத் தீட்டும்போதெல்லாம் அந்தக் கேள்வி வந்து நின்றது.

யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன். அக்காவிடம் அப்படிச் சொன்னது என் பிழை. மூன்றாம் நாள், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் ராமையா என் பக்கத்தில் வந்து நின்றான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என்னோடு வெட்டுகிறவன்.

"என்னா சவுக்கு, ஊட்டுலயும் கவ்வாத்தாமே?"

நான் சிரித்தேன். எனக்குத் தெரிந்த ஒரே பதில் அது. பிறர் என்னைப் பார்த்துச் சிரிக்கும்போது நானும் சேர்ந்து சிரித்துவிட்டால் சீக்கிரம் முடிந்துவிடும்.

எனக்கு ஒப்பரேஷனில் பயம். மயக்க மருந்தில் பயம். ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே மகளிடம் கேட்டேன்.

"நோயே இல்லங்கிறாங்க. கத்தி வைக்கணுமாம்மா?"

"ஒங்களுக்கு அந்த வயசுல யாராச்சும் நிப்பாட்டித் தர்றேன்னா வேணாம்னு சொல்லியிருப்பீங்களாப்பா?"

மாவு மூட்டைக் கதையை நான் அவளுக்குச் சொன்னதில்லை. சொல்லாமலே கேட்டுவிட்டாள். நான் சோற்றுப் பானையை மூடினேன்.

மாலு பணிஸ்

இடையில் சில சின்ன விஷயங்கள். அப்போது அவை விஷயங்களாகவே தெரியவில்லை.

அந்த வருஷம் மகள் விடியும் முன்பே பீலியடிக்குப் போகத் தொடங்கினாள். மலையிலிருந்து குழாயில் வந்து விழும் தண்ணீர், ஐஸ் மாதிரி இருக்கும். குளித்து, தன் உடுப்பைத் தானே துவைத்துக்கொண்டு வருவாள். அம்மா இல்லாததால் பொறுப்பு வந்துவிட்டது என்று பெருமைப்பட்டேன். ஃபோனில் மகேஸ்வரியிடமும் சொன்னேன். அவளும் சந்தோஷப்பட்டாள்.

மாதத்தில் ஓரிரு நாள் வயிற்று வலி என்பாள். அந்த நாட்களில் கோயிலுக்கும் வர மாட்டாள். பள்ளிக்கூடக் கன்டீனில் விற்கிற மாலு பணிஸ்தான் காரணம் என்று நான் முடிவு செய்தேன். உள்ளே இருக்கிற மீன் பழசாக இருக்கும். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். மாலு பணிஸ் சாப்பிடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். மகளைக் கண்டித்தது என் நினைவில் அது ஒன்றுதான்.

அவள் "சரிப்பா" என்றாள். அதற்குப் பிறகு அவள் மாலு பணிஸ் தொடவில்லை. வயிற்று வலியும் நிற்கவில்லை.

கையில் எழுதியிருந்தது

கண்டியில் படம் எடுத்து ஒரு மணித்தியாலம் கழித்துக் கூப்பிட்டார்கள்.

பெரிய டொக்டர் நரைத்த தலைக்காரர். தமிழ் தெரியாது. எனக்குச் சிங்களம் நன்றாக விளங்கும், பேச்சுத்தான் தடுமாறும். கம்ப்யூட்டரில் மகளின் கை வெள்ளையாகத் தெரிந்தது. அத்தனை சின்னச் சின்ன எலும்புகள். கோயில் நூல் அதில் தெரியவில்லை.

நான் கேட்காத கேள்விக்கு டொக்டரே பதில் சொன்னார். வளருகிற பிள்ளையின் விரல் எலும்புகளில் முனைக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புக் கோடு இருக்கும், அது எலும்பு வளரும் இடம், வளர்த்தி முடிய முடிய அந்தக் கோடு மூடிக்கொண்டு வரும் என்றார். கையைப் பார்த்தால் முழு உடம்பும் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

பேனாவால் ஒவ்வொரு விரலாகத் தொட்டுக் காட்டினார். விரல் நுனிகளில் கோடு இல்லை. மணிக்கட்டுக்குப் பக்கத்தில் மட்டும் மயிரிழை போல ஒன்று இருந்தது.

பிறகு நுவரெலியாக் கடிதத்தை மறுபடி வாசித்தார். என்னைப் பார்த்தார். "கடிதத்தில் இன்னும் வயதுக்கு வரவில்லை என்று இருக்கிறதே. இந்த எலும்பு அப்படிச் சொல்லவில்லை. யார் சொன்னது?"

"நான்தான்," என்றேன்.

டொக்டர் என்னை விட்டுவிட்டு மகள் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்தி அதே கேள்வியைச் சிங்களத்தில் அவளிடம் கேட்டார்.

மகள் கொஞ்ச நேரம் திரையில் இருந்த தன் கையைப் பார்த்தாள். பிறகு சிங்களத்திலேயே பதில் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் படித்த சிங்களம், ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கிச் சொன்னாள். ஆகிவிட்டது. பத்து மாதம். பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சருக்கு மட்டும் தெரியும். வீட்டில் யாருக்கும் தெரியாது.

தமிழில் என் முன்னால் அவளால் அதைச் சொல்லியிருக்க முடியாது. என்னாலும் அதைத் தமிழில் கேட்டுக்கொண்டு அந்தக் கதிரையில் உட்கார்ந்திருக்க முடியாது. நான் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து மாதம் என்றால், நுவரெலியாவில் நான் "இல்லைங்க" என்று சொன்ன நாளுக்கும் முன்னால். பீலியடிக் குளிர்த் தண்ணீர் நினைவுக்கு வந்தது. மாலு பணிஸ் நினைவுக்கு வந்தது.

டொக்டர் ஏதோ கணக்குப் பார்த்தார். அவளுடைய வளர்த்தி ஏறக்குறைய முடிந்துவிட்டது என்றார். இன்னும் ஒரு விரல் அகலம் வளரலாம், அவ்வளவுதான். நுவரெலியாவில் சொன்ன எண்ணுக்குப் போகவே மாட்டாள், அது வயதுக்கு வராத பிள்ளைக்குப் போட்ட கணக்கு. இனி ஒப்பரேஷன் செய்தால் காலில் தழும்பு மிஞ்சும், உயரம் குறையாது.

மகள் மெதுவாகக் கேட்டாள். அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் நிறுத்தியிருக்கலாமா?

டொக்டர் பேனாவை மூடினார். "அன்றைக்கே சொல்லியிருந்தாலும் அதிகம் போனால் இரண்டு விரல் குறைந்திருக்கும். அதற்கு நான் கத்தியை எடுத்திருக்க மாட்டேன்."

அது உண்மைக் கணக்கா, பிள்ளையின் மனதுக்காகச் சொன்னதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதில் எனக்கு வருத்தமில்லை.

சட்டைப் பையிலிருந்த படிவத்தை எடுத்து மேசையில் வைத்தேன். டொக்டர் அதை இரண்டாக மடித்துக் கூடையில் போட்டார்.

றொசல்லயில் நின்ற ரயில்

திரும்பும்போது ரயிலில் எதிர் எதிராக உட்கார்ந்தோம். எங்கள் இருவரின் முழங்கால்களும் இடித்துக்கொண்டே வந்தன. நாவலப்பிட்டியில் ரயில் நின்றது. கடலை விற்றவரிடம் கடலை வாங்கினேன். பாதியைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள்.

றொசல்லயில் எதிரே வரும் ரயிலுக்காக நிறுத்திவிட்டார்கள். மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே தேயிலை. இரண்டு மூன்று பேர் இறங்கி நின்று சிகரெட் பிடித்தார்கள்.

"ஏம்மா சொல்லல?" என்றேன். வெளியே பார்த்துக்கொண்டுதான் கேட்டேன்.

அவளும் வெளியே பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

"அம்மா இல்ல. அம்மா இல்லாம எனக்கு ஒண்ணும் செய்ய வேணாம்னு இருந்துச்சி. அப்புறம்..." என்று நிறுத்தினாள். "கீழ் லயத்துல அந்த அக்காவுக்குச் சடங்கு வச்சாங்கல்ல. ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. தோட்டத்து மண்டபத்தில் மேடை போட்டு, விளக்குப் போட்டு, பெண்ணைச் சிவப்புச் சேலையில் நிற்க வைத்து எல்லாரும் ஏறிப் படம் எடுத்தார்கள். சாப்பாட்டுப் பந்தியில் பாக்கியம் அக்கா சொன்னார், "நம்ம தர்ஷினிக்கு அவ மாமன் மாலை போடணும்னா முக்காலி போட்டுல்ல ஏறணும்." மகேஸ்வரியின் தம்பி குள்ளம். ராமையா விடுவானா? "முக்காலி பத்தாதுக்கா, ஏணி வேணும். கொழுந்து லொறியில ஏறி நின்னு போடச் சொல்லுங்க." பந்தி முழுக்கச் சிரித்தது. தர்ஷினி என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அத்தையும் ராமையா மாமாவும் எப்பவும் அப்படித்தான். அது பரவால்லப்பா," என்றாள் மகள். "நீங்களுந்தான் சிரிச்சீங்க."

எதிர் ரயில் வந்து போனது. எங்கள் ரயில் நகர்ந்தது.

அட்டனைத் தாண்டி சிங்கமலைச் சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்ததும் பெட்டி இருண்டது. அப்போதுதான் எனக்கு வாய் வந்தது.

"நான் சிரிச்சது தப்புதாம்மா," என்றேன்.

சுரங்கத்துக்குள் ரயில் சத்தம் அதிகம். அவளுக்குக் கேட்டதோ தெரியாது. வெளிச்சம் வந்தபோது தன் பங்குக் கடலையில் மிச்சமிருந்ததை என் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தாள்.

வாசல்

வெள்ளிக்கிழமை மகேஸ்வரி ஃபோனில் அழுதாள். பிறகு சிரித்தாள். பிறகு லீவு கேட்டாள். நான்கு மாதம் கழித்து வந்தாள். சடங்கு நடந்தது. அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதக்கூடாது என்பது மகள் பின்னால் சேர்த்த மூன்றாவது நிபந்தனை. மேடை இல்லை என்பதை மட்டும் சொல்ல விட்டாள்.

மகேஸ்வரி வருவதற்கு முன்னால் நான் ஒரு வேலை செய்தேன். தோட்டத்து ஒபிசுக்குப் போனேன். இருபத்தைந்து வருஷ வேலையில் எனக்கென்று ஒன்றைக் கேட்டு அந்தப் படி ஏறியது அதுதான் முதல் தடவை. லயம் தோட்டத்துக்குச் சொந்தம், ஒரு ஆணி அடிக்கவும் கேட்க வேண்டும். இரண்டு நாள் வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். மூன்றாம் நாள் கிளாக்கர் ஐயாவே கூப்பிட்டார்.

"என்னாப்பா, வாரதும் போறதுமா இருக்க? கூரைக்குத் தகரம் வேணுமா?"

"இல்லைங்க ஐயா. வாசல ஒசத்தணும்."

"என்னாது?"

"வீட்டு வாசலுங்க. நிலை குட்டையா இருக்கு. ஒரு முழம் ஒசத்திக்கிறேன். செலவு நான் பாத்துக்கிறேன்."

"இந்த நாற்காலியில ஒக்காந்து எல்லாரும் தகரம் கேட்டுத்தான் பாத்திருக்கேன். வாசல கேட்ட மொத ஆளு நீதான். காரணம் என்னான்னு எழுதுறது?"

கொஞ்சம் யோசித்தேன்.

"மக ஒசரமுங்க," என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னை உச்சி வரைக்கும் பார்த்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சேர்ந்து சிரிக்கத் தயாராகவும் இருந்திருப்பேன், பழக்கம். அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். பத்து நாளில் தொரையின் கையெழுத்து வந்தது.

மேசன் வந்து பழைய நிலையைப் பெயர்த்தார். வாசலுக்கு முன்னால் இருக்கிற இஸ்தோப்புத் திண்ணையின் தகரத்தையும் தூக்க வேண்டியிருந்தது. கல் கல்லாக எடுக்கும்போது பன்னிரண்டு காம்பிராவும் வேடிக்கை பார்த்தது. பாக்கியம் அக்கா தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். ராமையா கேட்காமலே வந்து கல் சுமந்தான்.

"எந்த ஒசரத்துக்கு வைக்கணும்?" என்றார் மேசன்.

மகளைக் கூப்பிட்டேன். பள்ளிக்கூட உடுப்போடு வந்து சுவரோரம் நின்றாள். வழக்கம் போல் கழுத்து தாழ்ந்திருந்தது.

"இப்புடி நின்னா அளவு தப்பாப் போயிரும் தங்கச்சி. நிமிந்து நில்லு," என்றார் மேசன்.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் நிமிர்ந்தாள். குதிகால், முதுகு, பின்னந்தலை எல்லாம் சுவரில் பட நின்றாள். மேசன் பென்சிலால் ஒரு கோடு போட்டு, நாடாவைப் பிடித்து, அளவை உரக்கச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. அந்த அளவை நான் இங்கே எழுத முடியாது. கோட்டுக்கு மேல் ஒரு சாண் விட்டு நிலை வைத்தோம்.

ஒரு வாரம் அவள் அந்த வாசலிலும் குனிந்துதான் போனாள். பிறகு ஒரு நாள் காலையில், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பையைத் தூக்கிக்கொண்டு நேராக ஓடினாள். எங்கும் இடிக்கவில்லை. அவள் அதைக் கவனிக்கவும் இல்லை.

நான்தான் இன்னும் குனிகிறேன். முப்பது வருஷத்துக்கு மேலான பழக்கம், உடம்பு கேட்கவில்லை. நேற்றும் கவ்வாத்துக் கத்தியோடு குனிந்து உள்ளே போனேன். அடுப்படியிலிருந்து மகள் சொன்னாள்.

"அப்பா, வாசலு மேல இருக்கு."